மடியில் கனமில்லைதான், அதுக்கு?

அந்தச் சாமத்திய வீட்டுக் கதையை, பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சடங்கில் நடந்ததை, நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. மூன்று நாளாக எல்லோருடைய பேஸ்புக் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இருவர் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள், வீடியோவுக்கு யார் காசு கொடுத்தது, பிள்ளையின் மாமா எந்த வருடம் போனவர் என்று கேட்டுக் கொப்பியில் எழுதினார்கள். பலகாரமும் சாப்பிட்டுத்தான் போனார்கள். அது பரவாயில்லை, வாசலுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற ஊர் இல்லை இது.

எனக்கு எரிச்சல் வந்தது அவர்கள் மேல்கூட இல்லை. இதைப் பற்றிய ஒரு பதிவின் கீழே ஒருவர், எங்கட ஆள்தான், படித்தவர்தான், இப்படி எழுதியிருந்தார்: “மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. கேட்டதுக்குப் பதிலைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?” அதற்கு அறுபதுக்கு மேல் விருப்பக்குறி.

அண்ணை, என் மடியில் ஒரு கனமும் இல்லை. நான் கேட்பது வேறு. என் மடியைத் தடவிப் பார்க்க வருகிறவர் யார்? எந்தச் சட்டத்தில் வருகிறார்?

சட்டம் என்றவுடன் அது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்பீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன். சித்தியின் மகன் லண்டனில் இருக்கிறான். திருப்பி அனுப்பப் போகிறோம் என்று கடிதம் வந்தபோது அவனுடைய வழக்கறிஞர் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரையைப் பிடித்துக்கொண்டார். தனிப்பட்ட வாழ்வு, குடும்ப வாழ்வு, வீடு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அரசு மதிக்க வேண்டும் என்பது அது. அங்கே பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், தகப்பனைப் பிரிக்காதீர்கள் என்று வாதாடினார்கள். அவன் நின்றுவிட்டான். அதே குடும்பத்தின் மற்றப் பாதி இங்கே படலையடியில் நிற்கிறது. “மகன் எப்ப போனவர்? மாதம் எவ்வளவு அனுப்புறவர்?” சித்தி விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொல்கிறார்.

எங்கள் இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கு என்று தனி உறுப்புரை கிடையாது. 2015இல் 19ஆம் திருத்தத்தோடு வந்த தகவல் அறியும் உரிமைப் பிரிவில் அந்தச் சொல் ஓரிடத்தில் வருகிறது. எதற்கு? தகவல் தர மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக! ஐ.நா.வின் குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1980இலேயே இலங்கை சேர்ந்துவிட்டது. ஒருவருடைய குடும்பத்திலும் வீட்டிலும் கடிதத்திலும் எதேச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது அதன் 17ஆம் உறுப்புரை. அந்த உடன்படிக்கைக்கு 2007இல் உள்நாட்டில் சட்டம் செய்தார்கள், 17 அதில் ஏறவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கிய இடத்தில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது போல. இந்தியாவின் அரசியலமைப்பிலும் அப்படி ஓர் உறுப்புரை எழுத்தில் இல்லை. ஆனாலும் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடியிருந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகக் குடும்பப் பதிவு செய்தது நினைவிருக்கிறதா? வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு நிறுத்துகிறோம் என்றார்கள். அன்றைக்கும் மடியில் கனமில்லை என்று எல்லோரும் வரிசையில் நின்றிருந்தால் நின்றிருக்குமா?

மடியில் கனம் என்றால் என்னவென்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரேயொரு குடும்பப் படம் இருக்கிறது. 2004இல் புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. 2009இல் முகாமுக்குள் வந்த இரண்டாம் கிழமை, பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, அம்மா அந்தப் படத்திலிருந்து அண்ணாவை வெட்டி எடுத்தார். அண்ணாவின் கை என் தோளில் கிடந்தது. அதையும் எடுத்தால் என் முகம் போய்விடும் என்று மணிக்கட்டோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் படத்தில் என் தோளில் நாலு விரல் இருக்கிறது, ஆள் இல்லை. வெட்டிய துண்டை அடுப்பில் போட்டாரா, எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியபோது அம்மாவும் போனார். மற்ற அம்மாக்களின் மடியில் பிள்ளைகளின் படம். எங்கள் அம்மாவின் மடி வெறுமை. உண்மையாகவே கனமில்லாத மடி, அண்ணை. ரோட்டின் அந்தப் பக்கத்தில் மரத்தடியில் நின்று ஒருவர் கைத்தொலைபேசியில் எல்லோரையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் அம்மாவின் படம் எத்தனை இருக்கிறதோ தெரியாது. எங்களிடம் அண்ணாவின் படம் ஒன்றுகூட இல்லை.

இனி வரப்போகிற கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு கீழே வந்து மினக்கெட வேண்டாம்.

நாட்டுப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறில் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற வெளிநாட்டுத் தகவல் முன்பே கையில் இருந்தது. அப்படியிருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. தகவல் போதாமலா அத்தனை பேர் போனார்கள்? சாமத்திய வீட்டில் கதிரை எண்ணியிருந்தால் தடுத்திருக்கலாமா?

இயக்கம், விடுதலைப் புலிகள், இருந்தபோது எங்கே போனது உங்கள் அந்தரங்கம்? வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்ததும், அதற்குப் பிணை நிற்க ஆள் தேடி அலைந்ததும் எனக்கும் தெரியும். அன்றைக்கும் அது பிழைதான். அதற்காக இன்றைக்கு இது சரியாகிவிடுமா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

நீயே எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போடுகிறாய், உனக்கென்ன அந்தரங்கம்? போடுகிறேன். எதைப் போடுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன். என் குசினியில் நான் பாடுவதும் நீங்கள் யன்னலில் காதை வைப்பதும் ஒன்றா?

நான் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் மனம் வேறெங்கோ போகிறது. தொலைபேசியில் அக்காவோடு கதைக்கும்போது “இஞ்ச மழைக்கோலம்” என்று அம்மா சொன்னால் படலையில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஒருநாள் உண்மையாகவே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா ரொறன்ரோவில் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தி, சீதனப் பேச்சும் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் கேட்டாராம், “அந்த வீட்டுக்கு அவையள் வந்து போறவையாமே?” அதோடு சரி. அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வயதுக்கு வந்த பெடியன்கள் இருந்தார்கள். கொப்பியில் எழுதிக்கொண்டு போனவருக்கு அது ஐந்து நிமிட வேலை. எனக்கு அந்தக் கலியாணம். இப்போது அந்தச் சாமத்தியப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. ஊரே பார்க்க அவளுடைய வீட்டு வாசலில் கொப்பி விரிந்திருக்கிறது. பத்து வருடம் கழித்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வரும்போது, அந்த அறுபது பேரில் யாராவது போய்ப் பேசுவீர்களா?

எழுதத் தொடங்கி இவ்வளவு நேரத்துக்குள் இன்பொக்ஸில் ஏழு பேர் வந்துவிட்டார்கள். “நீங்கள் சொல்றது சரி அக்கா, ஆனா கவனம்.” “பதிவை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கோ.” அன்புக்கு நன்றி. மடியில் கனமில்லாதவர்கள்தானே நீங்கள் எல்லோரும், ஏன் இன்பொக்ஸில் வந்து சொல்கிறீர்கள்? கீழே எழுதலாமே.