பூங்காவில் இருப்பது கேக்டஸ் இல்லை, அதன் பாலும் ஆபத்தில்லாதது அல்ல
பூங்காவில் சிவப்புப் பூவோடு நிற்கும் ஒரு முட்செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, ஒருவர் இதைக் கேக்டஸ் என்றும், ஒடித்தால் வடியும் பால் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது, கிளையை ஒடித்து எடுத்துப் போகலாம் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. படத்தில் இருப்பது மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட யூபோர்பியா மிலி என்ற செடி, ஆமணக்குக் குடும்பம். முள்ளை மட்டும் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும்தான், ஆனால் கேக்டஸில் முட்கள் பஞ்சு போன்ற சின்ன மேட்டிலிருந்து கிளம்பும், இதில் அப்படி மேடே கிடையாது, சாம்பல் நிறத் தண்டிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கின்றன, நுனியில் பச்சை இலைகளும் இருக்கின்றன. பூவை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். இதழ் மாதிரித் தெரியும் அந்தச் சிவப்பு இரண்டும் இதழ்களே இல்லை, பூவடிச் செதில்கள், அதாவது பூவுக்கு அடியில் வரும் இலை போன்ற பாகங்கள். உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் கிண்ணத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், அவ்வளவு சின்னவை!

பால் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். தோலில் எரிச்சல், கொப்புளம் வரலாம், கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். கையில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், கண் என்றால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். வீட்டில் வளர்க்க ஆசையென்றால் நாற்றுப்பண்ணையிலேயே கிடைக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.