தும்புத்தடியோடு ஒரு செவ்வாய்க்கிழமை

நேற்று இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்ட முதல் கேள்வி: "இண்டைக்கும் கூட்டிப் பெருக்கினனீங்களோ?"

மூன்று வருடமாக இதே கேள்விதான். கேர்லிங் பழகப் போகிறேன் என்று முதன்முதல் சொன்ன அன்று, அது என்னவென்று விளங்கட்டும் என்று தொலைக்காட்சியில் ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். ஒருவர் கல்லைத் தள்ளிவிட, வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேர் அதற்கு முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். தூரத்தில் நிற்கும் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். பார்த்து முடித்த கையோடு மனைவி தன் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, "வீட்டிலை தும்புத்தடி தொட்டறியாத மனுசன் காசு கட்டி ஐஸ் கூட்டப் போறாராம்" என்றார். குடும்பம் முழுக்க அது பரவியது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசிலை விழுந்து இடுப்பை உடைச்சால் ஆர் பாக்கிறது?" என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. அப்போது எனக்கு வயது 51.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

கனடாவில் எங்கள் வயதுக்காரர் செய்யும் பொழுதுபோக்கு என்னவென்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கார் ஓட்டுவதுதான். சனிக்கிழமை காலையில் ஒரு பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்பில் இறக்கி, மற்றதை நீச்சலுக்குக் கொண்டுபோய், இடையில் ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு டபுள் டபுள் கோப்பி வாங்கி, வாகனத் தரிப்பிடத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்போம். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன செப்டெம்பரில்தான் சனிக்கிழமை காலையில் போக ஓரிடமும் இல்லை என்பது உறைத்தது. பிள்ளைகளுக்கு எட்டு வகுப்பு. எங்களுக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல். ஆனால் வேலையிடத்தையும் கடைக் கவுண்டரையும் விட்டால், ஸ்காபரோவில் தமிழரல்லாத ஒருவரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கதைத்ததில்லை. "வெள்ளையள் எங்களோடை பழகமாட்டினம்" என்று கொண்டாட்டங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். பழகுவதற்கு நான் எங்கே போனேன் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. மிலிற்றரி ட்ரெயில் தெரு வழியாக எத்தனை தரம் போயிருப்பேன்! அங்கே ராம் ஹெதர் என்ற கேர்லிங், ரெனிஸ் கிளப் இருக்கிறது. அது ஏதோ பணக்காரரின் இடம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். பிறகு விசாரித்தால், நான் சேர்ந்த கிளப்பின் ஒரு பருவத்துக் கட்டணம், மகளின் மிருதங்க அரங்கேற்றத்துக்கு மண்டப அலங்காரத்துக்குக் கொடுத்த காசில் கால்வாசிகூட வரவில்லை. (ஓம், மகள்தான் மிருதங்கம். அது தனிப் பதிவு.)

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏறக்குறைய 150 அடி நீளமான ஐஸ் பாதை. மறுமுனையில் 12 அடி விட்டமுள்ள வட்டம். அதை வீடு என்கிறார்கள். ஒரு அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். கல் உண்மையான கருங்கல். ஸ்கொட்லாந்துக் கரையிலுள்ள ஆள் குடியில்லாத எய்ல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவிலிருந்து வருவதற்குத்தான் பெரிய பெயர். நிறை 44 இறாத்தல்வரை போகலாம். நாங்கள் தமிழ்க் கடையில் தூக்கும் 40 இறாத்தல் அரிசிப் பைதான் கணக்கு. நல்லவேளை, இதைத் தூக்கத் தேவையில்லை, தள்ளினால் போதும். யாருடைய கல் வீட்டின் நடுவுக்குக் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. மற்றவனின் கல்லை அடித்து வெளியே தள்ளலாம், தன் கல்லை இன்னொன்றின் பின்னால் ஒளித்து வைக்கலாம். சின்ன வயதில் ஒழுங்கையில் போளை அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐஸ் வழுவழுப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் ஒருவர் முதுகில் தண்ணீர்க் குடுவையோடு பின்பக்கமாக நடந்து துளிகளைத் தெளிப்பார். அவை உறைந்து சின்னச் சின்னக் குமிழ்களாக நிற்கும். கல்லின் அடி குழிந்தது, ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் அந்தக் குமிழ்களில் படும். முன்னால் தேய்த்தால் ஐஸ் மிகச் சிறிதாகச் சூடேறி உராய்வு குறைகிறது. கல் இன்னும் சில மீற்றர் ஓடும், வளைவதும் குறையும். இனிமேல் கூட்டுகிறார்கள் என்று சொல்லாதீர்கள்.

வளைவு இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் பிடிபடாத அதிசயம். ஒரு கண்ணாடிக் குவளையை மேசையில் கவிழ்த்து, வலப்பக்கம் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். அது இடப்பக்கம் வளையும். கேர்லிங் கல்லோ, வலப்பக்கம் சுழற்றினால் வலப்பக்கமே வளைகிறது. ஏன் என்று பௌதிகவியலாளர்கள் பல வருடமாகக் கட்டுரை எழுதிச் சண்டை பிடிக்கிறார்கள். முதல் பருவத்தில் என் கற்கள் இரண்டு கட்சிக்கும் சேராமல் நேரே போய்ச் சுவரில் இடித்தன.

இனி, நான் இந்த விளையாட்டை விட முடியாமல் போன காரணம்.

கிளப் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தேய்க்கும்போது தும்புத்தடியோ சப்பாத்தோ ஓடுகிற கல்லில் பட்டால் அது பிழை. பட்டவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். நான் சேர்ந்து ஆறாம் கிழமையோ என்னவோ, எங்கள் கல்லில் என் தடி உரசியது. மெல்லிய உரசல்தான், கை உணர்ந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஊரில் இதற்குப் பெயர் அளாப்புவது. போளையில் அளாப்பினால் ஒழுங்கை முழுக்க நாறிப்போகும். 51 வயதில் அளாப்பிவிட்டு, அந்த எண்டில் (இரண்டு அணியும் எல்லாக் கல்லையும் தள்ளி முடிப்பது ஒரு எண்ட்) இரண்டு புள்ளியும் எடுத்தோம்.

இரண்டு கிழமை கழித்து எதிரணியில் ஒரு கிழவர். ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபதைத் தாண்டியவர். கடைசி எண்ட், கடைசிக் கல், அதில் வென்றால் அவர்களுக்கு ஆட்டம். கல் அழகாக வந்துகொண்டிருந்தது. நடுவழியில் அவர் கையைத் தூக்கி, "நான் தொட்டுவிட்டேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எனக்குத் தெரியவில்லை. அவரே கல்லை ஓரமாகத் தள்ளினார். அவர்கள் தோற்றார்கள். பிறகு வந்து கை குலுக்கி, நல்ல ஆட்டம் என்றார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் இருப்பது வழக்கம். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் சுற்றுக் குடிவகை வாங்கிக் கொடுக்க வேண்டும், மறுவளமாக அல்ல. அன்று அவருக்கு ஒரு பியரும் எனக்கு இஞ்சிச் சோடாவும் வாங்கிக்கொண்டு வந்து, என் கதையைச் சொன்னேன். பழைய உரசல், இரண்டு புள்ளி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. "அன்று பக்கத்துப் பாதையில் நின்று நான் கண்டேன். நீ சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கல் ஏன் வளைவதில்லை என்பதற்கு மேசையில் உப்புக் குப்பியைச் சுழற்றிக் காட்டத் தொடங்கினார். கைபிடியைக் கடைசியில் மெதுவாக விடவேண்டுமாம். அந்த மேசையில் அன்று ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன்.

எல்லாரும் அவரைப் போல என்று சொல்லவில்லை. முதல் இரவே ஒருவர் நான் "உண்மையில்" எந்த ஊர் என்று மூன்று விதமாகக் கேட்டார். ஸ்காபரோ என்று மூன்று தரமும் சொன்னேன். இரண்டு வேலை செய்கிறவருக்கு செவ்வாய் இரவு என்று ஒன்று இல்லை என்பதும் தெரியும். முதல் பன்னிரண்டு வருடம் நானும் அப்படித்தான், ஒரு தொழிற்சாலையும் ஒரு பெற்றோல் நிலையமும். அவர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. வீட்டுக் கடன் பாதி கட்டி முடித்து, அடித்தளத்தில் பெரிய திரை பூட்டி, "கனடாவிலை என்ன வாழ்க்கை, ஆறு மாசம் பனி" என்று அலுத்துக்கொள்ளும் என் வயதுக்காரரோடுதான் வழக்கு.

"அது அவையின்ரை விளையாட்டு" என்று மச்சான் ஒருவர் சொன்னார். இதுவும் கப்பலில் வந்ததுதான். ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்து, 1807இல் மொன்றியலில் கிளப் தொடங்கினார்கள். குளிர் நாட்டில் வேலை இல்லாத மாதங்களைக் கழிக்க அவர்களுக்கு இது கிடைத்தது. பிறகு எவ்வளவு வேர் விட்டதென்றால், 2006இல் பிராட் குஷூவின் கனடா அணி ஒலிம்பிக் இறுதி ஆட்டம் ஆடிய நாளில், அவருடைய நியூபவுண்ட்லாந்து மாகாணத்தில் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பிற்பகலில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். தங்கம் வந்தது. எங்கள் ஊரில் பெரிய கிரிக்கெற் ஆட்டம் நடந்த நாளில், பள்ளிக்கூடத்தை மூடாமலே வாத்திமார் வானொலியோடு போய் ஒளிந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பருவம் ஒக்ரோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் பல கிளப்புகளில் புதியவர்கள் வந்து பார்க்க ஒரு நாள் வைப்பார்கள். தளர்வான காற்சட்டை, அடி சுத்தமான சப்பாத்து, மெல்லிய ஸ்வெற்றர் போதும். தடி அவர்களே தருவார்கள். முழங்கால் மடிக்க முடியாதவர்களுக்குக் கல்லை நின்றபடியே தள்ள நீளத் தடியும் உண்டு, ஆகவே அந்தச் சாட்டு செல்லாது. விழுவீர்கள். நான் முதல் மாதத்திலேயே மூன்று தரம் விழுந்தேன். இடுப்பு இன்னும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மனைவிதான் இப்போது வீட்டுத் தும்புத்தடியை என் கையில் தந்து, பழகினது மறந்துபோகும், குசினியையும் ஒருக்கால் தேயுங்கோ என்கிறார்.