ஔவை என்ற ஒரு பெயரில் வாழ்ந்தவர்கள்

பள்ளி மாறுவேடப் போட்டிகளில் ஔவையார் என்றால் நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஊன்றுகோல் என்று ஒரே உருவம்தான் மேடையேறுகிறது. 1953இல் வெளிவந்த ஜெமினி நிறுவனத்தின் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடம் அந்த உருவத்தை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட சிலையும் முதியவரே. இலக்கிய வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இந்தப் பெயரில் மூவரையேனும் பிரித்துக் காண்கிறார்கள். நாமோ அவர்களை ஒரே பாட்டியாக்கிவிட்டோம். அதனால் மிகுதியாக இழந்தவர், காலத்தால் முந்திய சங்க கால ஔவை என்றே நான் கருதுகிறேன்.

சங்கத் தொகை நூல்களில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் இருக்கின்றன. தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அவருடைய புரவலன் மட்டுமல்லன், நண்பன். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு அந்த அஞ்சியின் பெயரையே தாங்கி நிற்கிறது என்பதால், இவர்களுடைய உறவு கதைக்கும் கற்பனைக்கும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. அவனுக்காகக் காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அங்கே மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பாடினார். புகழ்வது போலத் தொடங்கி எச்சரிக்கையாக முடியும் அந்தப் பாட்டுக்கு, அரசவையில் நின்று பேசும் துணிவும் அரசியல் தெளிவும் வேண்டும்.

அதியமான் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலையை, அதாவது இரங்கற்பாட்டை, என்னால் இன்றும் கலங்காமல் படிக்க முடிவதில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், எலும்போடு கூடிய ஊன் கிடைத்த இடமெல்லாம் எங்களுக்கே அளிப்பான் என்று நினைவுகளை அடுக்கிக்கொண்டே வந்து, அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்போரின் கைகளையும் துளைத்துச் சென்று புலவரின் நாவில் வீழ்ந்தது என்கிறார். குறுந்தொகையில் ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று, தன் துயர் அறியாமல் உறங்கும் ஊரின் மீது சீறும் காதலியின் குரலைப் படைத்தவரும் இவரே.

இனி, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த ஔவைக்கு வருவோம். இவரைச் சோழர் காலத்தவர் என்பர். இப்பெயரில் வழங்கும் நல்வழியின் இறுதி வெண்பா திருக்குறளையும் மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் ஒருங்கே குறிப்பிடுவதால், அதைப் பாடியவர் அதியமானோடு அமர்ந்து உண்டவராக இருக்க வழியில்லை. ‘சாதி இரண்டொழிய வேறில்லை’ என்ற நல்வழியின் குரலும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் ‘அறம் செய விரும்பு’ என்ற வரியும் பெரும் மதிப்புக்குரியவை. எனினும் ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு’ என்பது கொன்றைவேந்தன். ‘தையல்சொல் கேளேல்’ என்பது ஆத்திசூடி. கள்ளும் ஊனும் பகிர்ந்து உண்டதைப் பெருமையோடு பாடிய, ஓர் அரசனின் சொல்லாக இன்னோர் அரசன் முன் நின்ற பெண்ணின் வாயில் இந்த வரிகளை வைக்கும்போது, அவருடைய வாழ்க்கையை அவரே மறுத்துப் பேசியது போல ஆகிவிடுகிறது.

மூன்றாமவர் விநாயகர் அகவலைப் பாடியவர். முதுகெலும்பின் அடியில் இருப்பதாக யோகம் சொல்லும் மூலாதாரத்துக் கனலை எழுப்பும் நெறியே அந்த நூலின் உயிர். அவருடைய உலகம் மற்ற இருவருடைய உலகத்தோடும் ஒட்டாது.

இவர்கள் ஒருவராக இணைந்ததற்குக் கதைமரபு தரும் காரணம் நெல்லிக்கனி. சாவை நீக்கும் கனியைத் தான் உண்ணாமல் அதியமான் ஔவைக்குத் தந்தான் என்பது புறநானூற்றிலேயே உள்ள செய்தி. அதைப் பற்றிக்கொண்ட பிற்காலம், பாரி மகளிருக்கு மணம் பேசியவரும் கம்பரோடு வாதிட்டவரும் ஒரே நெடுவாழ்வுப் பாட்டி என்று கதை வளர்த்தது. அந்தக் கதைகளை நான் நேசிக்கிறேன். அவை மக்களின் ஆக்கம், அவை இருக்கட்டும். ஆனால் கதைக்கு உரிய உரிமையைப் பாடநூலும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே பாடநூல்களில் ஔவை பாடல் இடம்பெறும்போதெல்லாம், இவர் எந்தக் காலத்து ஔவை, இவருடைய பிற பாடல்கள் எவை என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குத் தொண்டைமான் அவைப் பாட்டும் குறுந்தொகைப் பாட்டும் அடுத்தடுத்துத் தரப்பட்டு, இரண்டையும் இயற்றியவர் ஒருவரே என்றும், ஆத்திசூடி பாடியவர் வேறொருவர் என்றும் அதே பக்கத்தில் சொல்லப்பட வேண்டும்.