வேனுக்குப் போன் போடுவதற்கு முன்னால்

போன வாரம் எங்கள் தெருவுக்கு விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள், கைலியோடு தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார்கள், பத்தே நிமிஷத்தில் தெரு பழையபடி ஆகிவிட்டது. அவர் மனைவி வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் எல்லாரும் "நல்ல முடிவு, இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணனின் குடியை நிறுத்த இதே மாதிரி ஒரு வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தவள் நான்.

அண்ணன் மதுரையில் வயரிங் வேலை பார்க்கிறவர். கை சுத்தம் என்று பேர் வாங்கினவர். குடி முற்றின காலத்தில் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் ஸ்க்ரூடிரைவரின் முனை ஸ்க்ரூ தலையில் நிற்காது, வழுக்கி வழுக்கி சுவிட்ச் போர்டைக் கீறிவிடும். டாஸ்மாக் திறப்பது மதியம் 12 மணிக்கு, அதற்கு முன்னால் பிளாக்கில் எங்கே கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினோம், கோயிலில் கயிறு கட்டினோம். முருகனுக்கு மாலை போட வைத்தோம், 48 நாளும் மனுஷன் தங்கமாக இருந்தார், பழனியில் மாலையைக் கழற்றி மதுரை பஸ் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொடியை வாங்கி மதினி சாம்பாரில் கலந்தார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பரிசோதித்து, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டிய மருந்து அது. "ஆளுக்குத் தெரியாமல் குடியை மறக்க வைக்கிறோம்" என்று விளம்பரம் வந்தால் தயவுசெய்து கடந்து போங்கள். நாங்கள் போகவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம்தான் வேன். மறுவாழ்வு மையம் என்று போர்டு, மாசம் இவ்வளவு என்று பேச்சு, முதல் மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது, போனும் கிடையாது. டாக்டர் யார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கணும் என்றே தோன்றவில்லை, ஆளைக் கூட்டிப்போனால் போதும் என்றிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. விடிந்த பிறகுதான் போன் செய்தார்கள். நாங்கள் போனபோது நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தக்கட்டு, மணிக்கட்டில் துணி கட்டியிருந்த தடம். "குடி இறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார் அங்கே இருந்தவர்.

அப்படித்தான் இருக்கும் என்பது உண்மை, அதனால்தான் அங்கே டாக்டர் இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாதது கண்ணில் தெரிந்து, உளறி, காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள், கூடவே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே காசில்லாமல் கிடைக்கிற வைத்தியம் இது. நான் காசு கொடுத்து அது இல்லாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

அங்கிருந்து அவரை நேராக ஜி.எச்.சுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மறுபடி குடித்தார். இந்தத் தடவை எங்களை நம்பவும் மாட்டேன் என்று சேர்த்துச் சொன்னார். ராத்திரி வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

வேன்காரர்கள் சட்டம் என்று ஒன்று இருப்பதையே நமக்குச் சொல்வதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதைப்பழக்கத்தோடு சேர்ந்த மனநலப் பிரச்சினைகளும் அடங்கும். சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு 89-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவரால் அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று இருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். "பொண்டாட்டி கையெழுத்துப் போட்டா போதும்" என்பதெல்லாம் சட்டம் இல்லை. உங்கள் வீட்டில் கத்தியெடுக்கிற நிலைமை, அடி உதை என்றால் அது வேறு. அங்கே முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமாக வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சரி, எங்களுக்கு எது உதவியது?

ஜி.எச்.சில் அவரைச் சேர்த்திருந்தபோதே மனநலப் பிரிவின் சமூகப் பணியாளர் அம்மா ஒருத்தர் மதினியிடமும் என்னிடமும் "அவர் வரலைன்னாலும் பரவாயில்ல, நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லியிருந்தார். நோயாளி இல்லாமல் நாம் போய் என்ன செய்வது என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இரண்டு மாசம் கழித்து வேறு வழியில்லாமல் போனோம். அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. "நேத்து ராத்திரி அவர் உள்ள வந்ததும் நீங்க பேசினது என்ன, அப்படியே பேசிக்காட்டுங்க" என்றார். மதினி பேசிக்காட்டினார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்து, அப்புறம் அழுகை வந்தது.

குடிக்கிறவர் வராவிட்டாலும் வீட்டுக்காரர்களைப் பழக்குகிற இந்த முறைக்கு வெளிநாட்டில் கிராஃப்ட் என்று பேர், ராபர்ட் மெயர்ஸ் என்பவர் உருவாக்கியது, எனக்கு அது ரொம்பப் பிந்தித்தான் தெரியும். அமெரிக்காவில் இதற்கு முன்னால் பிரபலமாக இருந்தது ஜான்சன் முறை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, குடிக்கிறவரை நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொருத்தராகச் சொல்லிக்காட்டி, இப்போதே கிளம்பு என்பது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான், கொஞ்சம் மரியாதையாக. 1999-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 130 குடும்பத்துக்காரர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். கிராஃப்ட் கற்றுக்கொண்டவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள், ஜான்சன் முறையில் 30 சதவீதம், குடிக்கிறவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசுகிற அல்-அனான் வழியில் 13. ஜான்சன் குழுவில் பெரும்பாலான குடும்பங்கள் அந்தக் கூட்டத்தைக் கடைசிவரை நடத்தவே இல்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. யாருக்குத்தான் மனசு வரும்?

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கேட்கும்போது சப்பென்று இருக்கும். குடித்திருக்கும்போது பேசாதே. மேஸ்திரிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்லாதே, கடனை நீ அடைக்காதே. குடிக்காமல் வந்த அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, அன்றைக்குப் பழைய கணக்கைத் திறக்காதே. இந்தக் கடைசி ஒன்றுதான் மதினிக்கு முடியவே இல்லை. பத்து வருஷக் கோபத்தை ஒரு நல்ல நாளில்தானே கொட்ட முடியும், குடித்த நாளில் கொட்டினால் யார் கேட்பது, என்றார். நியாயம்தான். அந்தக் கோபத்தைக் கொட்ட அந்த அம்மா தன் அறையில் நேரம் கொடுத்தார், வாரம் ஒரு மணி நேரம். குடிக்கிற ஆளை விட்டுவிட்டு மதினிக்கென்று யாரோ ஒதுக்கிய முதல் ஒரு மணி நேரம் அது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். என் பெரியவளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்கணும். அண்ணன் அன்றைக்குக் குடிக்காமல் வந்திருந்தார், அதனாலேயே கை அப்படி நடுங்கியது, ஆசாரி கம்பியை எடுத்ததும் நான் பிள்ளையைத் தூக்கி என் வீட்டுக்காரரின் தம்பி மடியில் வைத்துவிட்டேன். சபையில் நடந்தது. அதைப் பற்றி நானும் அவரும் பேசினதே இல்லை. அதைச் சொல், ஆனால் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், என்றார் அந்த அம்மா. அவரே அண்ணனாக உட்கார்ந்து என்னை நாலு தடவை சொல்ல வைத்தார். மூன்று தடவையும் நான் "உன்னால தான்" என்று ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வெளியே கிளம்புவதற்கு முன்னால், சொன்னேன். "அன்னைக்குப் பிள்ளைய உன் மடியில வைக்க எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே. ஜி.எச்.ல ஒரு டாக்டர் இருக்காரு, நீ எப்பப் போனாலும் நான் கூட வர்றேன்." அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒன்பதாம் நாள் ராத்திரி போன்: "அந்த டாக்டர் எத்தன மணிக்கு இருப்பாரு?"

அந்தக் கேள்வி வருகிற நாளில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதும் கற்றுக்கொண்டதுதான். ஓ.பி. நாள் எது, யார் லீவு போடுவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டோ வாசலில் நின்றது.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் மாசம் ஒரு கல்யாண வீட்டில் குடித்தார், பதினோரு நாள் தொடர்ந்தது, மறுபடி மருந்து, மறுபடி குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற ஏ.ஏ. மீட்டிங். அதற்கப்புறமும் ஒரு தடவை. இப்போது இரண்டு வருஷமாக இல்லை. வேன் வழியாகப் போய்த் திருந்தினவர்களும் இருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம். 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பார்த்திருக்கிறார். மற்ற 37 வீட்டிலும் கயிறும் சத்தியமும் சாம்பாரும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதுசு இல்லை. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை நடத்துகிற அமைப்பைத் தொடங்கியது 1980-இல். குடிக்கிறவரோடு குடும்பத்தையும் வரவழைத்து உட்கார வைப்பது அங்கே ஆரம்பத்திலிருந்து உள்ள பழக்கம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதைக்கென்றே 14446 இருக்கிறது. குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்கள் பேசலாம்.

போன மாசம் அண்ணன் வீட்டுக்கு வந்து ஃபேன் மாட்டிக்கொடுத்தார். ஸ்டூல் மேல் நின்றபடியே, என்னைப் பார்க்காமல், "சின்னவளுக்குக் காது குத்தணும்ல, எப்ப வச்சிருக்கீங்க?" என்றார். பார்த்துச் சொல்றேன்ணே என்றேன். இன்னும் தேதி பார்க்கவில்லை.