யாரும் கூப்பிடாத கோட் இன்னும் ஏன் அங்கே இருக்கிறது?

"ஓடுதில்ல, அதுல கை வைக்காதே." ஐடியில் வேலை பார்க்கிற எல்லோரும் இதை ஒரு சீனியர் வாயால் கேட்டிருப்போம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வரியை நம்பித்தான் பல டீம்களில் யாருக்கும் புரியாத கோட் (நிரல்) வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. தொடாமல் விட்டால் பத்திரம் என்ற நம்பிக்கையே தப்பு. சந்தேகம் இருந்தால் நைட் கேப்பிட்டல் கதையைப் படியுங்கள்.

அமெரிக்கப் பங்கு வர்த்தகத்தில் அது பெரிய நிறுவனம். ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அவர்களுடைய மென்பொருளில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய பகுதி இருந்தது. 2003லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே தவிர, அழிக்கவில்லை. 2005இல், 'கேட்ட அளவு பங்கு வாங்கியாச்சு, போதும்' என்று கணக்கு பார்க்கும் பகுதியை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய பிறகு பவர் பெக் சரியாக நிற்கிறதா என்று யாரும் டெஸ்ட் செய்யவில்லை. யாரும் பயன்படுத்தாததை எதற்கு டெஸ்ட் செய்ய வேண்டும் என்றுதானே தோன்றும்?

2012இல் ஒரு புதிய வசதி எழுதினார்கள். அதை இயக்க, பவர் பெக்குக்கு இருந்த அதே பழைய ஃப்ளாக்கை, அதாவது ஒரு பகுதியை ஓடவைக்கும் சுவிட்சை, எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோட் ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் அதே ஃப்ளாக் பவர் பெக்கைக் கிளப்பிவிட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. வந்தது 212 ஆர்டர். சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்துவிட்டன. பதற்றத்தில் ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள். அவற்றிலும் பவர் பெக் ஓட ஆரம்பித்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது.

இதை டிப்ளாய்மென்ட் தவறு, அதாவது புதிய கோடை சர்வர்களில் ஏற்றும்போது நடந்த தவறு என்று மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சர்வரில் கோட் ஏறாமல் போவது எங்கேயும் நடக்கும். ஒன்பது வருஷமாகத் தேவைப்படாத பவர் பெக் அங்கே இல்லாமலிருந்தால், அந்த ஃப்ளாக் கிளப்புவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இப்படிப் பழைய கோடைச் சீர்செய்வதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். அதைச் சொன்னதும் பலர் 'மூணு மாசம் கொடுங்க, எல்லாத்தையும் புதுசா எழுதிடறோம்' என்று கிளம்புகிறார்கள். அது ரீஃபாக்டரிங் இல்லை. வில்லியம் ஆப்டைக் 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோதே, அடித்தளமான நிபந்தனை இதுதான்: நிரல் வெளியே செய்யும் வேலை மாறக் கூடாது, உள்ளே இருக்கும் அமைப்பு மட்டும் மாற வேண்டும். இந்த நிபந்தனையை மறந்துவிட்டு எதை மாற்றினாலும், 2005இல் நைட் கேப்பிட்டல் செய்ததையேதான் நாமும் செய்கிறோம்.

தினமும் கண்ணில் படும் ஒன்றைச் சொல்கிறேன். பில் தொகை கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டை) கூப்பிடும் வரி இது: பில்_போடு(ஆர்டர், ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ). முதல் ட்ரூ எதற்கு? வரி சேர்க்கவா, தள்ளுபடிக்கா? தெரிந்துகொள்ள ஃபங்ஷனுக்குள் போனால் இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். இதற்கு மூன்று மாதம் வேண்டாம். முதலில் இப்போது என்ன தொகை வருகிறதோ அதை அப்படியே பிடித்துவைக்க நாலு டெஸ்ட் எழுதுங்கள். அந்தத் தொகை தப்பாகத் தெரிந்தாலும் இப்போது திருத்தாதீர்கள். அது தனி வேலை. பிறகு வரியோடு_பில், வரியில்லாத_பில் என்று இரண்டாகப் பிரியுங்கள். கடைசி இடத்தில் ஃபால்ஸ் அனுப்புகிறவர் யாரும் இல்லையென்றால், அந்தக் கிளையையே வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டெஸ்ட் ஓட வேண்டும், ஒவ்வொன்றும் தனி கமிட்டாக, அதாவது தனியாகப் பதிவாகும் மாற்றமாகப் போக வேண்டும்.

தனி கமிட் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இருநூறு வரிக்குப் பெயர் மாற்றிவிட்டு, நடுவில் ஒரு லாஜிக்கையும் மாற்றி அனுப்பினால், ரிவ்யூ செய்பவர் கண்ணில் அந்த ஒரு வரி நிச்சயம் தப்பிவிடும். குறை அவருடையது இல்லை, அப்படி அனுப்பியவருடையது.

பழைய கோடை அழிக்காமல், ஓடாதபடி கமென்ட் போட்டு வைக்கும் பழக்கமும் போக வேண்டும். 'எப்பவாவது தேவைப்படலாம்' என்பார்கள். அதற்குத்தான் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் (Git) இருக்கிறது. தேவைப்பட்டால் பழைய வெர்ஷனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மேனேஜரிடம் போய் இதற்கென்று தனி ஸ்பிரின்ட், அதாவது தனியாகச் சில வார வேலைக்காலம் கேட்காதீர்கள். பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தால் அதில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தோன்றும். ஒரு பக் சரிசெய்ய அந்த ஃபைலைத் திறக்கிறீர்கள் அல்லவா, அப்போதே புரியாத ஒரு பெயரை மாற்றுங்கள், செத்துப்போன ஒரு ஃபங்ஷனை எடுங்கள். அதற்கான நேரத்தையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். கை கழுவ எவ்வளவு நேரம் என்று எந்த டாக்டரும் தனியாக அனுமதி கேட்பதில்லை.

டீம் லீடாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் ட்ரெயினிங் வீடியோவாகக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். யாரும் பயன்படுத்தாத ஒரே ஒரு ஃப்ளாக்கைக் கண்டுபிடித்து, எங்கெல்லாம் படிக்கப்படுகிறது என்று தேடி, டெஸ்ட் போட்டு, பாதுகாப்பாக நீக்கச் சொல்லுங்கள். உங்கள் சிஸ்டம் அவர்களுக்கு அதிலேயே பாதி புரிந்துவிடும்.