மற்றொரு தினம் என்றால் எந்தத் தினம்?

ஒரு கேள்வியைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அன்றைய அலுவல்களின் பட்டியலில், அச்சடிக்கிறார்கள். இன்ன திகதி, இன்ன அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று நாடு முழுக்கத் தெரியவைக்கிறார்கள். அந்தத் திகதி வந்ததும் அமைச்சர் எழுந்து நின்று "இரண்டு வாரம் கால அவகாசம் வேண்டும்" என்கிறார், உட்கார்ந்துவிடுகிறார். எப்படி மனம் வருகிறது? இன்று காலையில் இருந்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள மேடு, டித்வா புயல் மழையில் வெடித்தது. 2025 நவம்பர் கடைசியில் பெய்த அந்த மழையைப் பற்றி மலையகத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பதுளை, நுவரெலியா, கண்டி என்று எல்லாப் பக்கமும் மண் இறங்கியது. எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை, வெடிப்பு மட்டும்தான். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே இருக்கக் கூடாது, ஆபத்து என்றார்கள். சரி, எங்கே போவது? அதை யாரும் சொல்லவில்லை. சனங்கள் கொஞ்ச நாள் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள், அப்புறம் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்க வேண்டும் என்றதும் அதே லயத்துக்குத் திரும்பினார்கள். மழை இருட்டினால் இன்றைக்கும் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்குகிறார்கள்.

இதை ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கேள்வியாகப் போட்டார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. எத்தனை குடும்பங்கள் அபாய இடத்தில் இருக்கின்றன, மாற்றுக் காணி எங்கே, எத்தனை பேர்ச் அளவு, காணி உறுதிப்பத்திரம் யார் பெயரில், எப்போது குடியேற்றுவீர்கள், இன்றேல் ஏன்? நேரான கேள்விகள். ஒழுங்குப் பத்திரத்தில் வாய்மூல விடைக்கான வினாக்களில் அது வந்தது, தமிழிலும் வந்தது. நான் அதை அப்படியே போனில் படம் எடுத்து லயத்து ஆட்களுக்கெல்லாம் அனுப்பினேன். நேற்றுப் பின்னேரம் சித்தி கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு, "தம்பி, நாளைக்கு நம்ம காணிக்குப் பதில் சொல்றாங்களாமே" என்று கேட்டார். ஆமாம் சித்தி என்றேன். அந்தப் பத்திரத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது!

இன்று காலை 9.30க்குச் சபை கூடியது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கைகளைச் சமர்ப்பித்தார்கள், மனுக்களைச் சமர்ப்பித்தார்கள். வாய்மூலக் கேள்விகளுக்குப் பத்து மணியில் இருந்து பதினொரு மணி வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை என்று எழும்புகிறார். அதற்கு இன்னொருவர் பதில் சொல்கிறார். பழைய ஆட்சியில் யார் என்ன தின்றார் என்று ஒரு சண்டை. சபாநாயகர் அமருங்கள், அமருங்கள் என்கிறார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். கடைசியில் எங்கள் கேள்வியின் இலக்கம் வந்தது. உறுப்பினர் எழுந்து கேள்வியைக் கேட்டார். அமைச்சர் தரப்பில் எழுந்தவர் ஒரே வரியில் அவகாசம் கேட்டார். முடிந்தது. முழுசாக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கீழே, சபையில் பேசியதைப் பதிந்து வைக்கும் ஹன்சாட்டில் ஒரு வரி வரும்: "வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது." பழைய ஹன்சாட்களைத் திறந்து பாருங்கள், எத்தனை ஆட்சி மாறினாலும் இந்த வரி மட்டும் மாறுவதில்லை. எந்தத் தினம் என்று அதில் இருக்காது.

தகவல் கிடைக்கவில்லை என்று ஓர் அமைச்சர் எப்படிச் சொல்லலாம்? கேள்வி முதல் நாள் இரவு தபாலில் வந்து விழுவதில்லை. உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அது பாராளுமன்றத்தின் ஒழுங்குப் புத்தகத்தில் ஏறி, அமைச்சுக்குப் போய், அதற்குப் பிறகுதான் ஒரு நாளின் ஒழுங்குப் பத்திரத்துக்கு வருகிறது. அமைச்சில் செயலாளர் இருக்கிறார், மேலதிகச் செயலாளர்கள் இருக்கிறார்கள், மாவட்டச் செயலகம் இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது, கிராம சேவகர் வரைக்கும் ஆள் இருக்கிறது. எங்கள் லயத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் அந்தக் கிராம சேவகர் பெயர் சொல்லியே எண்ணுவார். அந்த எண்ணிக்கை கொழும்புக்குப் போய்ச் சேர எத்தனை மாதம் வேண்டும்?

இங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இந்தக் கதை எடுபடுமா? காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, நேரம் பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றும் பாதிச் சம்பளம். மழை, அட்டை, கொழுந்து இல்லாத மலை, எந்தக் காரணமும் அங்கே செல்லாது. "ஐயா, இன்றைய கிலோவுக்கு இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள்" என்று எந்தக் கங்காணியிடமாவது எங்கள் அம்மாமார் கேட்க முடியுமா? அந்த வேர்வையில் இருந்து போகிற வரிப்பணத்தில்தானே சபை நடக்கிறது!

சரி, பாராளுமன்றத்தில் பதில் வராவிட்டால் வேறு இடத்தில் கேட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். எங்கே கேட்பது? தோட்டக் காணி அரசுடையது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், குத்தகை 53 வருடம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கேட்டால், காணி அரசாங்கத்தின் காணி, நாங்கள் பிரித்துக் கொடுக்க முடியாது என்கிறார். பிரதேச செயலகத்தில் கேட்டால், அது கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, கம்பனி விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். பிரதேச சபையில் கேட்டால், காணி எங்கள் விடயம் இல்லை என்கிறார்கள். இப்படி மூன்று கதவும் மூடிய பிறகு, அரசாங்கத்தின் வாயைத் திறந்து பதில் எடுக்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சபைதான். அங்கே சொன்ன பதில் ஹன்சாட்டில் ஏறிவிடும். பிறகு யாரும் நான் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. அதனால்தான் அந்த ஒரு மணி நேரத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன்.

ஒழுங்குப் பத்திரத்தின் ஒரு வரி எங்களை என்ன செய்யும் என்று எங்கள் சனத்துக்கு நன்றாகவே தெரியும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும் அன்றைய சபையின் அலுவலாகத்தான் வந்தது. விவாதித்தார்கள், வாக்கெடுத்தார்கள், நிறைவேற்றினார்கள். பல லட்சம் தோட்டச் சனங்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கைப் பறித்தார்கள். 1947 தேர்தலில் எங்கள் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. பிறகு தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் வென்றது 1977இல். கால் நூற்றாண்டு! மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். பறிக்கும்போது யாரும் அவகாசம் கேட்கவில்லை. கொடுப்பதற்குத்தான் 55 வருடம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதனால் தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவோ ஒரு மின்குமிழ் போடவோ பிரதேச சபை தன் காசைச் செலவழிக்க முடியவில்லை. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை, எங்கள் வாசலுக்கு வர முடியாத சபை. கர்ப்பிணிப் பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்கிய காலம் அது. அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். 31 வருடம் கழித்து ஒரு நாள் அது பாராளுமன்றத்தின் அலுவலில் ஏறியது, நிறைவேறியது. ஏற்றினால் நடக்கும். ஏற்றாமல் தள்ளிக்கொண்டே போவதால்தான் எங்கள் தலைமுறைகள் இப்படிக் கழிகின்றன.

சம்பளத்தையே பாருங்கள். 1,000 ரூபாய்க்கு எத்தனை வருடம் கத்தினோம்! 2021இல்தான் வந்தது. 2024இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், வருகைக்காக அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபாயும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். போதுமா என்பது வேறு விடயம். ஆனால் தொகையைச் சொன்னார்கள், ஜனவரியில் இருந்து என்று மாதத்தையும் சொன்னார்கள். காணி விடயத்தில் மட்டும் ஏன் மாதம் சொல்ல வாய் வரவில்லை?

எங்கள் பக்கத்து உறுப்பினர்களையும் நான் விடப்போவதில்லை. தேர்தல் மேடையில் லயத்தை ஒழிப்போம் என்று தொண்டை கிழியப் பேசியவர்கள் இன்று சபையில் இருந்தார்களா? அமைச்சர் தரப்பு அவகாசம் கேட்டபோது, எந்தத் திகதி என்று எழுந்து கேட்க ஒருவராவது முன்வந்தாரா? கேள்வி போட்டவர்கூட "நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார். எதற்கு நன்றி? பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, சபை கலைவதற்கு முன்னால் ஒரு பிரச்சினையைப் பேசும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணைக்கு நேரம் ஒதுக்குவார்கள். தோட்டப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் கமெரா ஒரு தரம் சபையைச் சுற்றிக் காட்டினால் போதும், வரிசை வரிசையாக வெறும் கதிரைகள். 225 பேர் உள்ள சபையில் நிறைவெண், அதாவது சபை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், 20தான். அந்த இருபது பேரைக்கூடப் பிடித்து வைக்க முடியாமல் சபை கலைந்த நாட்கள் இருக்கின்றன. அடுத்த நாள் பத்திரிகையில் மட்டும் "மலையக மக்களுக்காகக் குரல் கொடுத்தார்" என்று படத்தோடு செய்தி வரும். யாருடைய காதில் விழுந்தது அந்தக் குரல்?

மீரியபெத்தையை மறந்துவிட்டீர்களா? 2014 அக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தையில் லயம் லயமாக மண் மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரித்திருந்த இடம் அது. எச்சரிக்கை இருந்தது, காகிதம் இருந்தது, போக வேறு காணி இல்லை. எங்கள் மேல் டிவிஷனும் இன்று அதே நிலையில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் சபையில் நின்று இரண்டு வாரம் கேட்கிறார்கள் என்றால், எனக்கு வரும் கோபத்தை நாகரிகமாக எழுதத் தெரியவில்லை.

சித்தி இன்று வந்து கேட்டார். "என்ன தம்பி, என்ன சொன்னாங்க?" அவகாசம் கேட்டிருக்கிறார்கள் என்றேன். "மழைகிட்ட யாரு அவகாசம் கேக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டார்.

சபையின் அலுவல்களைத் தீர்மானிக்கச் சபாநாயகர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. சபை முதல்வரும் அதில் இருக்கிறார், எதிர்க்கட்சியும் இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு தரம்தான் அவகாசம், அதுவும் திகதியோடுதான் என்று அவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கட்டும். உயிராபத்து உள்ள கேள்வி என்றால் அந்த ஒரு தரமும் கூடாது. பதிலை வாசிக்காமல், சபை நடுவில் உள்ள மேசையான சபாபீடத்தில் வைத்துவிட்டேன் என்று தாளைப் போட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். எழுந்து நின்று வாசிக்கட்டும், மேலதிகக் கேள்வி கேட்கட்டும், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

இதை வாசிக்கிற மலையக ஆட்கள் எல்லோரும் உங்கள் மாவட்டத்து உறுப்பினரை நாளைக்கே போனில் பிடியுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை, எங்கே இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த அமர்வு வாரத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் அபாய இடங்களின் காணிக் கேள்வி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இருந்தால், அன்றைக்கு அவர் சபையில் இருப்பாரா என்றும் கேளுங்கள். எங்களுக்கு எந்தக் காணி, எத்தனை பேர்ச், யார் பெயரில் உறுதி, எந்த மாதம் குடியேறுவது என்ற நாலுக்கும் பதில் வேண்டும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வேண்டும்.