அப்பத்தா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்

பாட்டை மட்டுமே நம்பி எடுத்த படத்தை நம்மூரில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஒரு கட்டுரையில் கேட்டிருந்தார்கள். எங்கள் அப்பத்தா பார்த்தாள். போன பொங்கலுக்குக் காரைக்குடி வீட்டு வளவில் வேட்டியைத் திரையாகக் கட்டி, 1982-இல் வந்த, பிங்க் ஃபிலாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ‘தி வால்’ படம் போட்டோம். வசனம் ரொம்பக் கம்மி. பத்தாவது நிமிடமே பெரியப்பா, “கதை எங்கப்பா?” என்று முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டார் (அங்கே குறட்டை). முகமூடி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அரவை இயந்திரத்தில் விழுகிற இடத்தில், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் கை அப்படியே நின்றது. “ஏண்டா, ஒன்னய ஹாஸ்டல்ல விட்டப்ப இப்புடித்தான் இருந்துச்சா?” என்றாள். எனக்கு அதுவரை அது வெறும் கிடார் படம். கார்ட்டூன் ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த சுத்தியல்கள் அணிவகுத்து நடக்கும்போது மட்டும் சிரித்தாள். ஏனென்று இன்றுவரை சொல்லவில்லை.